இடது கையால் எறியக் கற்ற நாட்கள்

மருத்துவமனை கேட்டைத் தாண்டி முந்நூறு அடி வந்திருப்பேன். வலது கை கழுத்துப் பட்டையில் தொங்கியது. இடது தோளில் ஒரு பச்சைத் துண்டு. உடம்பில் ஒரு விலா எலும்பு குறைவு. பின்னாலிருந்து அக்கா கத்திக்கொண்டே வந்தாள்.

"டேய் மாறா! நில்லுடா! ஆட்டோ சொல்லிட்டேன்!"

"நடக்கணும்னு டாக்டரே சொன்னாருக்கா."

"வார்டுக்குள்ள நடக்கச் சொன்னாரு. ஒசூர் வரைக்கும் இல்ல."

நிற்க முடியவில்லை. பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தவனுக்குக் கால் தானாகப் போனது. அதைவிட, மறுநாள் காலை ஆறரை மணி என்னை முன்னால் இழுத்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில், அபார்ட்மெண்ட் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு மைதானம் இருக்கிறது. அங்கே பதினொரு பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் காத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் எறிய நான்தான் கற்றுக்கொடுத்தேன். தப்பாகக் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு முழங்கை கெட்டுவிட்டது. அந்தத் தப்பைத் திருத்த எனக்கு ஒரே ஒரு காலைப்பொழுது கிடைத்திருந்தது. அதுவும் எறிகிற கை இல்லாமல்.

முதலிலிருந்து சொல்கிறேன். கை திடீரென்று கனத்து நீலமாகிற யாராவது இதைப் படித்தால், எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதற்காகவும் சொல்கிறேன்.

என் பெயர் மணிமாறன். ஊர் திருப்பத்தூர் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கிளீனராக லாரியில் நாசிக் வரை போனேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். கோவாவில் ஓர் ஓட்டலில் மீன் கழுவினேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எங்கே போனாலும் சாயங்காலம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் இருந்தது. எனக்குப் பேட்டிங் வராது, பௌலிங் வராது. எறி வரும். எல்லைக் கோட்டிலிருந்து எறிந்தால் நேராகக் கீப்பர் கையில் போய் விழும். பெங்களூர் வந்த பிறகு அந்த எறிதான் சோறு போட்டது.

கிரிக்கெட் பயிற்சி வலைகளில் பேட்டிங் பழகுகிறவர்களுக்கு விடாமல் பந்து எறிய ஓர் ஆள் வேண்டும். த்ரோடவுன் என்பார்கள். எறிகிறவனுக்கு முன்னால் பாதி ஆளை மறைக்கிற மாதிரி ஒரு வலைத் தடுப்பு நிற்கும். அதன் ஓரத்திலிருந்து எறிய வேண்டும். அடித்த பந்து மூஞ்சிக்கு வருவதற்குள் கையையும் தலையையும் தடுப்புக்குப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். கால் நகராது, இடுப்பு திரும்பாது. கை மட்டும் போகும், சட்டென்று திரும்பி வரும். ஆறு வருடம் இப்படி எறிந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை என்று யாரும் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை. வலித்தால் ஸ்பிரே.

யமுனா மேடம் அந்த வலையில்தான் என்னைப் பார்த்தார். மல்லேஸ்வரத்துக்காரர். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர், இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறு காலையில் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் பழக்குகிறார். அவருக்கு அடிப்பதும் பிடிப்பதும் ஓடுவதும் தெரியும். சாஃப்ட்பாலில் அடிக்கிறவருக்குப் பந்தைக் கீழிருந்து எறிவார்கள் என்பதால், மேலிருந்து எறிகிற பேஸ்பால் எறி அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

பேஸ்பாலில் எறிகிறவர் ஒரு சின்ன மேட்டின் மேல் நிற்பார். எதிரே உருளைக் கட்டையோடு ஒருவர் நிற்பார். பந்து தரையில் குத்தாமல் நேராகப் போக வேண்டும். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டினால் நோ பால். இங்கே மடக்கித்தான் எறிய வேண்டும். கேட்டதும் குதித்தேன். முப்பத்தைந்து வருடமாக எனக்காகவே ஓர் ஆட்டத்தை எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்!

முதல் வாரம் காலிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று நான் இடது காலைத் தூக்கினால், அவர்கள் எதிரே வலது காலைத் தூக்குவார்கள். "அந்தக் கால் இல்லடா, இன்னொண்ணு" என்று கத்தியே தொண்டை போனது. திரும்பி நின்று காட்டினால் முதுகு மட்டும்தான் தெரியும். கடைசியில், "காலை மறங்க, கையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கைதானே தெரியும்.

கையைப் பார்த்தார்கள். எறிந்தவுடன் நான் கையைச் சட்டென்று பின்னால் இழுப்பதையும் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பெரிய ஸ்டைலாகத் தெரிந்தது. 'மாறன் இழுப்பு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பதினொரு பேரும் எறிந்து எறிந்து இழுத்தார்கள். அதில் கெட்டிக்காரி திவ்யா. பன்னிரண்டு வயது, நீளமான கை, அவள் எறிந்தால் பிடிக்கிற பையனின் கையுறை பட்டாசு மாதிரி வெடிக்கும்.

"சார், முழங்கை உள்பக்கம் வலிக்குது," என்றாள் ஒரு நாள்.

"வளர்ற வயசும்மா, வளர்ற வலி. எறிஞ்சா போயிடும்."

இதைத்தான் நான் சொன்னேன். மாற்றிச் சொல்ல முடியாது.

*

ஒரு திங்கட்கிழமை காலை சட்டைக் கைக்குள் என் வலது கை நுழையவில்லை. ஆனேக்கல்லில் அக்கா வீட்டில் இருந்தேன். முதல் நாள் இரண்டு வலைகளில் எறிந்திருந்தேன். கை தோளிலிருந்து விரல் வரை உப்பி, கத்திரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தது. தோளிலும் மார்பிலும் இதுவரை பார்க்காத நரம்புகள் புடைத்து நின்றன. வலி அதிகமில்லை. கனம்தான். யாரோ கைக்குள் ஈர மண்ணைக் கொட்டியது போலிருந்தது.

அக்கா வீட்டுக்காரர் சேகர் மாமா கம்பெனி கேப் ஓட்டுகிறார். டியூட்டி முடித்து வந்தவர் பார்த்தார்.

"சுளுக்கு மச்சான். ஓவரா எறிஞ்சுகினே இருந்தா?"

நல்லெண்ணெய் காய்ச்சி, தோளிலிருந்து கீழே அழுத்தி நீவிவிட்டார். பாசத்தோடு அரை மணி நேரம். அதற்குப் பிறகு விரல் மடங்கவில்லை. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் எண்ணெய்க் கிண்ணத்தை அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பெரிய அரசு மருத்துவமனையில் ஒன்றரை மணி நேரம் வரிசை. அக்கா என் இடது கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்று. ஓடக்கூடியவன்தான். பிறகு டாப்ளர் அறை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற ஸ்கேன் மாதிரிதான். குளிர்ந்த பசையைத் தடவி, தோளிலும் அக்குளிலும் ஒரு கருவியை வைத்து ஓட்டுகிறார்கள். ரத்தம் ஓடுகிற இடத்தில் திரையில் நிறம் வரும், ஸ்பீக்கரில் காற்று வீசுகிற மாதிரி சத்தம் வரும். இடது பக்கம் நன்றாக வீசியது. ஸ்கேன் எடுத்த பையன் அதுவரை ஐபிஎல் பேசிக்கொண்டிருந்தான். வலது பக்கம் வைத்ததும் நிறமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை. அவன் பேச்சும் நின்றது.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் பொறுமையாகப் பேசினார். காலர் எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு சந்து. கையிலிருந்து இதயத்துக்குத் திரும்புகிற பெரிய ரத்தக் குழாய் அதன் வழியாகப் போகிறது. எனக்கு அந்தச் சந்து பிறவியிலேயே குறுகல். கையைத் தலைக்கு மேல் தூக்கி எறியும் ஒவ்வொரு தடவையும் குழாய் அதில் நசுங்கியிருக்கிறது.

"கதவு இடுக்கில விரல் மாட்டுமே, அப்படி. ஒரு தடவை மாட்டினா பரவாயில்லை. வருஷக்கணக்கா மாட்டினா குழாய் உள்ள புண்ணாகி ரத்தம் கட்டிடும். எதாவது தேய்ச்சீங்களா?"

"நல்லெண்ணெய் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அந்தக் கட்டி உடைஞ்சு நுரையீரலுக்குப் போயிருந்தா, நீங்க இங்க உட்கார்ந்து பதில் சொல்லிட்டு இருக்க மாட்டீங்க."

சேகர் மாமாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். அவள் வராந்தாவிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

முதலில் ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஹெப்பாரின் என்ற மருந்தை ஏற்றினார்கள். அது புதுக் கட்டி வராமல் தடுக்கும், இருக்கிற கட்டியைக் கரைக்காது. கரைப்பதற்கு, முழங்கைக்கு மேலே ஒரு நரம்பு வழியாக மெல்லிய குழாயைக் கட்டி வரைக்கும் செலுத்தி, அங்கேயே சொட்டுச் சொட்டாக மருந்து விட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஐசியூவில் அசையாமல் கிடக்க வேண்டும். அந்த மருந்துக்குக் கட்டி எது, நல்லது எது என்று தெரியாது. எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியவிடலாம், தலைக்குள்ளும். அதனால் பல் தேய்க்கவிடவில்லை, சவரம் செய்யவிடவில்லை. கோலார்க்கார நர்ஸம்மா ஒருவர் மணிக்கு ஒரு தரம் வந்து கேட்பார்.

"பேரு?"

"மணிமாறன்."

"ஊரு?"

"எந்த ஊரைச் சொல்ல? நிறைய இருக்குது சிஸ்டர்."

"தலை வலிக்குதா?"

"நீங்க கேக்கறதுக்கு முன்னாடி வலிக்கல."

"புத்தி தெளிவாத்தான் இருக்கு," என்று எழுதிக்கொண்டு போவார்.

பயம் இல்லையென்று சொல்ல மாட்டேன். உயிரைப் பற்றிய பயம் முதல் நாளோடு தணிந்துவிட்டது. கையைப் பற்றிய பயம்தான் கூடவே கிடந்தது. எனக்கு வீடு கிடையாது, படிப்பு கிடையாது, கல்யாணம் ஆகவில்லை. எங்கே போனாலும் கூட வந்தது இந்தக் கை ஒன்றுதான். மறுநாள் விரல்கள் பழைய நிறத்துக்கு வந்தபோது, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்து, ஐந்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

கட்டி கரைந்தது. ஆனால் கதவு இடுக்கு அப்படியேதான் இருந்தது. முதல் விலா எலும்பை எடுத்தால்தான் சந்து அகலும். அறுவைச் சிகிச்சைக்கு முறை வரும் வரை வார்டில் காத்திருக்கச் சொன்னார்கள்.

*

வார்டில் பக்கத்துக் கட்டில் பாஷா பாய். சிவாஜிநகர் லாரி மெக்கானிக். காலில் ரத்தக்குழாய் அடைப்பு. வந்த அன்றே என் கதை முழுக்க வாங்கிக்கொண்டார். அக்கா தினமும் ஆனேக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சாப்பாடு கொண்டுவருவாள். பாய்க்கும் சேர்த்துத்தான் வரும். அவர் வீட்டு முட்டை மாஸ் எனக்கு வரும்.

மூன்றாம் நாள் காலை பிசியோதெரபிஸ்ட் அஸ்வினி வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். மூச்சுப் பயிற்சியும், விரலால் ஒரு ரப்பர் உருண்டையை அழுத்துகிற பயிற்சியும் சொல்லிக்கொடுக்கத்தான் வந்தார்.

"என்ன வேலை பண்றீங்க?"

"எறியற வேலைங்க."

"எதை?"

"பந்தை. ஆறு வருஷமா. இப்ப பசங்களுக்கும் கத்துத் தர்றேன்."

கையிலிருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். "நான் காலேஜ்ல ஈட்டி எறிஞ்சேன். எப்படிக் கத்துத் தர்றீங்க, காட்டுங்க. வலது கை துளிகூட அசையக் கூடாது. இடது கையில."

"இடது கையில எனக்குச் சோறுகூட எடுக்க வராது."

"பந்து தரலை. இந்தாங்க." கட்டில் கம்பியில் கிடந்த என் பச்சைத் துண்டை எடுத்துக் கொடுத்தார். "முனையை ரெண்டு விரல்ல பிடிச்சுக்குங்க. எறியற மாதிரி வீசுங்க. துண்டோட அடுத்த முனை அந்தக் காலிக் கட்டில் கம்பியில படணும்."

வழக்கம்போல நின்ற இடத்திலேயே நின்று கையை வீசினேன். துண்டு கம்பிக்கு இரண்டு சாண் முன்னாலேயே தொய்ந்தது. பழக்கத்தில் கையைச் சட்டென்று இழுத்தேன். துண்டு திரும்பி வந்து என் மூஞ்சியிலேயே அறைந்தது.

பாஷா பாய் கட்டிலில் உருண்டு சிரித்தார். "அரே, தன்னைத் தானே அடிச்சுக்கிறான்பா!"

அஸ்வினி சிரிக்கவில்லை. "எறிஞ்சதும் எதுக்குப் பயந்து ஓடறீங்க?"

வலைத் தடுப்பைப் பற்றிச் சொன்னேன். பந்து மூஞ்சிக்கு வரும் என்றேன்.

"உங்க பசங்க முன்னாடி தடுப்பு இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அவங்க எதுக்கு இழுக்கறாங்க?"

கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். ஆறு வருடம் ஒளிந்துகொள்வதற்காகச் செய்ததை, ஒளிய வேண்டிய தேவையே இல்லாத பிள்ளைகளுக்கு எறி என்று கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

"இதனாலதான் எனக்கு ரத்தம் கட்டுச்சா?"

"அது வேற. உங்க எலும்புச் சந்து குறுகல், அது மேல ஆறு வருஷ எறி. ஆனா இந்த இழுப்பு பசங்களோட முழங்கையையும் தோளையும் தின்னும். வேகமா வர்ற பஸ்ஸை எப்படி நிறுத்துவாங்க? பிரேக் போட்டு, கொஞ்ச தூரம் ஓடவிட்டு. நீங்க சுவத்துல மோதி நிறுத்தறீங்க."

பிறகு என்னை எழுப்பி நிறுத்தினார். இடது கையால் எறிகிறவனுக்கு முன்கால் வலது கால். அந்த முழங்காலை இடுப்பு வரை தூக்கச் சொன்னார். தள்ளாடினேன். "விழாம நிக்க முடிஞ்சாத்தான் அடுத்தது." நின்றேன். "இப்ப கம்பியைப் பார்த்து ஓர் எட்டு வைங்க. கையை மறந்துடுங்க. கால் தரையில பட்டதும் இடுப்பு திரும்பட்டும். இடுப்பு நெஞ்சை இழுக்கும். முழங்கை தோள் உயரத்துல இருக்கட்டும், அதுக்கு மேல அது தானா வரும். விட்டதும் நிறுத்தாதீங்க. குனிஞ்சு, கை எதிர் முழங்காலைத் தாண்டிப் போகட்டும்."

'காலை மறங்க' என்று நான் பிள்ளைகளிடம் சொன்னேன். இவர் கையை மறக்கச் சொல்கிறார்!

வீசினேன்.

துண்டு முனை கம்பியில் பட்டுப் படார் என்று வெடித்தது. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா ஓடிவந்தார். நான் கையில் பலமே கொடுக்கவில்லை. கொடுக்க அந்தக் கையில் பலமும் இல்லை. காலிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி, இடுப்பில் சுற்றி, முதுகில் ஏறி, துண்டின் நுனியில் போய் வெடித்தது. இது வலது கையில் ஒருநாளும் நடந்ததில்லை. வலது கைக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இடது கைக்கு ஒன்றும் தெரியாது, அதனால் சொன்னதைக் கேட்டது.

"இன்னொரு வாட்டி!" என்றார் பாஷா பாய்.

அன்று காலை இருபது தடவை வீசினேன். அஸ்வினி எண்ணினார். இருபத்தொன்றாவதற்குத் துண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"நல்லா வருதே, இன்னும் நாலு..."

"நல்லா வரும்போதுதான் நிறுத்தணும். எண்ணாம எறிஞ்சுதான் இங்க வந்திருக்கீங்க."

அப்போதுதான் திவ்யா நினைவுக்கு வந்தாள். முழங்கை உள்பக்கம். நாளை மறுநாள் சனிக்கிழமை, ஒரு பள்ளி அணியோடு மேட்ச். அவள்தான் எறிய வேண்டும். அஸ்வினியிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. வளர்கிற பிள்ளைகளுக்கு எலும்பு முனையில் குருத்து மாதிரி ஒரு மெத்தென்ற இடம் உண்டு, எலும்பு அங்கேதான் வளரும். வலியோடு எறிந்துகொண்டே இருந்தால் அது விலகிவிடும் என்றார்.

யமுனா மேடத்துக்கு அங்கேயே வாய்ஸ் மெசேஜ் போட்டேன். திவ்யாவை எறியவிடாதீர்கள், எக்ஸ்ரே எடுங்கள், வலிக்கிறது என்று என்னிடம் சொன்னாள், நான்தான் போய்விடும் என்றேன். அனுப்பிவிட்டுத்தான், இதோடு அந்த வேலை போயிற்று என்பது உறைத்தது. அழிக்கலாமா என்று விரல் போனது. அதற்குள் மேடம் பார்த்த அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை திவ்யாவும் அவள் அம்மாவும் வார்டுக்கு வந்தார்கள். கோயமுத்தூர்க்காரம்மா. பழப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு நின்றபடியே கேட்டார்.

"வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னாளுங்களா?"

"சொன்னாளுங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வளர்ற வலின்னு சொன்னேன்."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லைங்க."

பிறகு அவரே எக்ஸ்ரே பற்றிச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்புக் குருத்து லேசாக வீங்கியிருந்ததாம், விலகவில்லை. சில மாதம் எறியக் கூடாது, சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். திவ்யா என் கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவளுக்கும் இருந்தது, ஆனால் வேறு கோபம்.

"மேட்ச் தோத்துட்டோம் சார். நீங்கதான் என்னை நிறுத்தச் சொன்னீங்களாமே."

"ஆமாம்மா."

"நான் எறிஞ்சிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"ஜெயிச்சிருப்பீங்க. அப்புறம் உனக்கும் எனக்குப் பக்கத்துல ஒரு கட்டில் போட்டிருப்பாங்க."

"என் கட்டிலை ஒழிச்சுத் தர மாட்டேன்," என்றார் பாஷா பாய். அவள் அம்மாவுக்கு உதட்டோரம் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

அறுவைச் சிகிச்சை செவ்வாய்க்கிழமை நடந்தது. அக்குளில் வெட்டி, உள்ளே போய், முதல் விலா எலும்பை எடுத்தார்கள். விழித்தபோது நெஞ்சுக்குள் கத்தி வைத்துத் தைத்தது போலிருந்தது. இருமினால் உயிர் போகும். இருமத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சளி கட்டும் என்று அஸ்வினி ஒரு தலையணையை மார்பில் அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார். அக்கா தலையணையைப் பிடித்துக்கொள்வாள், நான் இருமுவேன், அவள் அழுவாள். வலி எனக்கா அவளுக்கா என்று பாஷா பாய் கேட்டார்.

பில்லை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனை என்பதால் தப்பித்தேன். வெளியே வாங்கிய மருந்துக்கு அக்காவின் கம்மல் போனது. சேகர் மாமா இரண்டு வாரம் இரட்டை டியூட்டி பார்த்தார், எண்ணெய் தேய்த்த பாவத்துக்கு என்று அவரே சொல்லிக்கொண்டார்.

டாக்டரிடம் கேட்டேன். "மறுபடி எறிவேனா சார்?"

"ஆறு மாசம் அந்தக் கேள்வியே வேண்டாம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடணும். உடம்புல பந்து பட்டா உள்ளயே ரத்தம் கசியும். பந்து பறக்கிற இடத்துல நிக்கக்கூடாது."

வலைக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். சரிதான், வலை காத்திருக்காது. மாமா ஓர் அபார்ட்மெண்ட் கேட்டில் செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருந்தார். உட்கார்ந்தே பார்க்கலாம், சட்டையும் அவர்களே தருவார்கள்.

டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் யமுனா மேடத்துக்குப் போன் போட்டேன்.

"மேடம், இனி நான் எறிய முடியாது. ஆனா எப்படி எறியறதுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"மாறன், பேரண்ட்ஸ் கோபமா இருக்காங்க. ரெண்டு பேரு உங்களைக் கூப்பிடவே கூடாதுன்னாங்க."

"நான் கெடுத்ததை நானே எடுத்துடறேன் மேடம். வேற யாரும் வந்தா, அந்த இழுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னே அவங்களுக்குத் தெரியாது."

"ஆய்த்து, சரி. சனிக்கிழமை காலை ஆறரை. ஒரே ஒரு நாள். எல்லாரும் நிப்பாங்க. பாத்துட்டுச் சொல்றேன். என்ன கொண்டுவரணும்?"

"ஆளுக்கு ஒரு துண்டு. பந்து வேண்டாம்."

*

அதற்காகத்தான் அக்காவை விட்டு அப்படி நடந்தேன். பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள். ஆனேக்கல்லில் இறங்கும்போது சொன்னாள்.

"செக்யூரிட்டி வேலைக்கு நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆறரைக்கு எங்க வேணா போ. பத்துக்கு அங்க நிக்கணும்."

சனிக்கிழமை சேகர் மாமா கேபில் கொண்டுபோய் விட்டார். மேம்பாலத்துக்குக் கீழே பனி இன்னும் கலையவில்லை. பதினொரு பிள்ளைகள் நின்றார்கள். ஓட்டல் துண்டு, ஜிம் துண்டு, ஆளையே மூடுகிற பூப்போட்ட குளியல் துண்டு. பெற்றவர்கள் கம்பி வேலி ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளின் பார்வையெல்லாம் என் கழுத்துப் பட்டையில் இருந்தது.

நான் விலா எலும்புக் கதையெல்லாம் சொல்லவில்லை. "மாறன் இழுப்பு இருக்கே, அது எறி இல்ல. அது நான் பந்துக்குப் பயந்து ஒளிஞ்சது. உங்க முன்னாடி யாரும் அடிக்க வரலை. அதை விட்டுடுங்க. தப்பு என்னோடது," என்றேன். பெற்றவர்கள் பக்கம் பார்க்காமல்தான் சொன்னேன், ஆனால் அவர்களுக்குக் கேட்கும்படி.

பிறகு பிள்ளைகளைப் பார்த்தபடி நின்று, இடது கையில் துண்டைப் பிடித்து, வலது முழங்காலைத் தூக்கினேன்.

எதிரே வரிசையாக இடது முழங்கால்கள் எழுந்தன. சரியான கால். ஒருவனைத் தவிர யாரும் தப்பவில்லை. எனக்கே ஒரு நொடி புரியவில்லை.

"சார்!" என்று கத்தினாள் திவ்யா. துண்டு இல்லாமல் வரிசைக் கடைசியில் நின்றிருந்தாள். "கண்ணாடியில பாக்கற மாதிரி இருக்கு! உங்க அந்தக் கை, எங்க இந்தக் கை!"

ஆமாம்! அவர்கள் வலது கைக்காரர்கள், நான் இப்போது இடது கைக்காரன். எதிரெதிரே நின்றால் கண்ணாடிதான். தப்பியவன் ஒரே ஓர் இடது கைப் பையன், அவனை என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். முதல் வாரம் தொண்டை கிழியக் கத்தியும் வராத கால், ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டது. சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. இழுத்தாலும் சிரித்தேன்.

மெதுவாக ஓர் எட்டு. இடுப்பு, நெஞ்சு, முழங்கை. விட்டதும் குனிந்து, எதிர் முழங்காலைத் தாண்டி. பத்துத் துண்டுகளில் முதலில் ஒன்று படார் என்றது. பிறகு மூன்று. பிறகு எல்லாம்.

ஆளுக்கு இருபது. திவ்யாதான் எண்ணினாள். இருபதில் நிறுத்தியபோது பூத்துண்டுக்காரன் கெஞ்சினான். அவள் துண்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் அம்மா வேலியை விட்டு என்னிடம் நடந்து வந்தார்.

"இவ எப்பங்க எறியலாம்?"

முன்பு என்றால் வாயில் ஒரு பதில் தயாராக இருந்திருக்கும்.

"அதை அவளோட டாக்டர்தாங்க சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவர் யமுனா மேடத்தைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். மேடம் வேலி ஓரம் போய் மற்றவர்களோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாளைக்கும் ஆறரைதான், மாறன். எறியறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நீங்க ஓரமா நின்னு சொல்லிக் குடுங்க, பழைய சம்பளம்தான். எண்ணுங்க. யாரு எப்ப நிறுத்தணும்னு சொல்றது உங்க வேலை."

மணி ஒன்பதாகியிருந்தது. சேகர் மாமா கேபுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் மடித்து வைத்த செக்யூரிட்டிச் சட்டை இருந்தது. கண்ணாடியைத் தட்டினேன்.

"பத்து மணிக்குப் போகணுமே மச்சான், ஏறு."

"சட்டையைத் திருப்பிக் குடுத்துடு மாமா. வேலைக்குச் சேந்துட்டேன்."